மார்ச் மாத பேஸ்பாலைப் படிப்பது எப்படி? ஸ்பிரிங் ட்ரெயினிங்கில் வீரர்களை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பிரிங் ட்ரெயினிங் என்பது சீசனுக்கு முன் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் மேஜர் லீக் அணிகள் நடத்தும் பயிற்சி முகாம். 2018 மார்ச்சில், பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஜப்பானிய வீரர் ஷோஹேய் ஒதானியின் முதல் ஸ்பிரிங் ட்ரெயினிங் முடிந்தபோது, அவர் கணக்கில் 32 அட்-பேட்டுகளுக்கு (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளுக்கு) 4 ஹிட்டுகள்தான் இருந்தன. சராசரி, அதாவது ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் வருவது, .125. பந்துவீச்சிலும் மூன்று இன்னிங்ஸைக்கூட எட்டாமல் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் சராசரி ரன், குறைவாக இருப்பது நல்லது) 27.00. இவரை முதலில் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்குக்கு அனுப்புங்கள் என்ற பேச்சு பலமாகக் கிளம்பியது. அவருடைய ஏஞ்சல்ஸ் அணி அனுப்பவில்லை. அந்த சீசனை ஒதானி .285 சராசரியோடும் 22 ஹோம் ரன்களோடும் முடித்தார். பிட்ச்சராக (பந்து வீசுபவராக) 10 ஆட்டங்களில் ஈ.ஆர்.ஏ. 3.31. அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே.

இதைச் சொன்னதும் பலர், "அப்படியென்றால் ஸ்பிரிங் ட்ரெயினிங்கை நம்பவே கூடாது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மாதத்தில் கிடைக்கும் தகவல் நிறைய. ஆனால் அது ஸ்கோர்போர்டில் இருப்பதில்லை. முகாமுக்கு வரும் ஒவ்வொரு வீரருக்கும் அந்த ஆறு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலை என்று ஒன்று இருக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொண்டால்தான் அவர் அதைச் செய்தாரா என்று நாம் சொல்ல முடியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: ஆட்டம் பார்க்கும் முன்பே, வீரர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

பிப்ரவரி நடுவில் பிட்ச்சர்களும், அவர்கள் வீசுவதைப் பிடிக்கும் கேட்ச்சர்களும் முதலில் முகாமுக்கு வருவார்கள், மற்றவர்கள் சில நாள் கழித்து. ஓர் அணியின் முகாமில் அறுபது பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். சீசன் தொடங்கும் நாளில் அணியில் இருக்கப்போவது 26 பேர். அந்த 26-லும் பெரும்பாலான இடங்கள் டிசம்பரிலேயே முடிவானவை. உண்மையான போட்டி இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு இடங்களுக்குத்தான்.

ஆகவே உங்கள் அணியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் நிலையை எழுதுங்கள். பெரிய ஒப்பந்தத்தில் இருக்கும் மூத்த வீரருக்கு இடம் உறுதி. அவர் வேலை காயமில்லாமல் ஏப்ரலை எட்டுவது. மார்ச்சில் அவர் .150 அடித்தாலும் அது செய்தியே இல்லை. கடைசி இடங்களுக்குப் போட்டியிடுபவர்கள் வேறு ரகம். அவர்கள் முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் ஆட வேண்டும். ஜனவரியிலேயே உடலைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார்கள். அதனால்தான் பிப்ரவரி கடைசியில் அவர்கள் நட்சத்திரங்களைவிடப் பிரகாசமாகத் தெரிகிறார்கள்.

அப்புறம், அணியின் 40 பேர் கொண்ட அதிகாரபூர்வப் பட்டியலில் (சீசனில் ஆடும் 26 பேர் இதிலிருந்துதான் வருவார்கள்) இல்லாமல் அழைப்பின் பேரில் வந்தவர்கள். அதில் சிலர் மறுவாய்ப்பு தேடும் மூத்தவர்கள், மற்றவர்கள் இளைஞர்கள். இவர்களை அணியில் சேர்க்க வேண்டுமானால் அந்த நாற்பதிலிருந்து யாரையாவது வெளியேற்ற வேண்டியிருக்கலாம். எனவே இவர்கள் தாண்ட வேண்டிய உயரம் அதிகம். ஆனால் தாண்டியவர்களும் உண்டு. 2001-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் முகாமுக்கு இப்படி அழைப்பில் வந்தவர்தான் ஆல்பர்ட் புஹோல்ஸ். அதற்கு முன் மைனர் லீக்கின் உச்சப் படியான ட்ரிபிள்-ஏ அளவில் அவர் ஆடியது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான். அந்த ஆண்டு .329 சராசரி, 37 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. (அவர் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்கள்), நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம்.

இன்னொன்றையும் எழுதிவையுங்கள்: வீரருக்கு "ஆப்ஷன்" மிச்சமிருக்கிறதா? நாற்பது பேர் பட்டியலில் உள்ள ஒருவரைப் பொதுவாக மூன்று சீசன்களுக்கு அணி தன் விருப்பப்படி மைனர் லீக்குக்கு அனுப்பலாம். அது தீர்ந்துவிட்டால், அனுப்பும் முன் மற்ற 29 அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும். ஒரே அளவு ஆடிய இரண்டு பேரில் ஆப்ஷன் தீர்ந்தவர்தான் பெரும்பாலும் அணியில் நிற்பார். மார்ச் கடைசியில் பல ரசிகர்கள் கோபப்படும் முடிவுகளுக்குப் பின்னால் இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

படி 2: எந்த வாரம் என்று பாருங்கள்

பிப்ரவரி கடைசி வாரத்தில் ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்கள்) ஒன்றிரண்டு இன்னிங்ஸ்தான் வீசுவார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் இன்னிங்ஸ், ஒரு பதினைந்து பந்து என்று ஏற்றிக்கொண்டே போய், மார்ச் கடைசியில் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வரை வருவார்கள். முதல் இரண்டு வாரம் பலர் ஃபாஸ்ட்பால் (நேராக வரும் வேகப் பந்து) மட்டுமே வீசுவதும் உண்டு. பேட்டருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே இருக்கும். அடி வாங்குவது இயல்பு. மார்ச் நடுவில் கை கனத்துப்போய் வேகம் கொஞ்சம் இறங்கும் ஒரு கட்டமும் பல பிட்ச்சர்களுக்கு வரும்.

பேட்டர்களுக்கு இதில் இரண்டு பக்கமும் உண்டு. ஆரம்பத்தில் அவர்கள் கண் இன்னும் பழகியிருக்காது, ஆனால் எதிரே வீசுபவரும் முழுசாகத் தயாராகியிருக்க மாட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பத்து நாட்கள். அப்போது முதல் வரிசை வீரர்கள் ஏழெட்டு இன்னிங்ஸ் நின்று ஆடுவார்கள், பிட்ச்சர்கள் தங்கள் எல்லா ரகப் பந்துகளையும் பயன்படுத்துவார்கள். மாதம் முழுக்கப் பார்க்க நேரமில்லாதவர்கள் அந்தப் பத்து நாளை மட்டும் பார்த்தாலே போதும்.

படி 3: எதிரே நின்றது யார்?

ஸ்பிரிங் ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு களமே மாறிவிடும். 90-க்கு மேல் எண் போட்ட சட்டைகள் வரத் தொடங்கும். அந்தச் சட்டைக்காரர்களில் பலர் ட்ரிபிள்-ஏ, அதற்கு அடுத்த படியான டபுள்-ஏ, சில சமயம் அதற்கும் கீழே ஆடுபவர்கள். எட்டாவது இன்னிங்ஸில் அப்படி ஒருவர் பந்தில் அடித்த ஹோம் ரனும், முதல் இன்னிங்ஸில் ஓர் ஆல்-ஸ்டார் பிட்ச்சரின் பந்தில் அடித்ததும் புள்ளிவிவரத்தில் ஒன்றாகத்தான் பதிவாகும். நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தின் ஸ்பிரிங் அட்டவணையில் ஒரு வீரர் சந்தித்த எதிராளிகளின் சராசரித் தரத்தை 10 வரையிலான ஓர் எண்ணாகத் தருகிறார்கள். பத்து என்றால் மேஜர் லீக் தரம், எட்டுக்கு அருகே என்றால் ட்ரிபிள்-ஏ. ஒரு பேட்டர் .380 அடித்திருக்கிறார், ஆனால் அந்த எண் எட்டுக்குக் கீழே என்றால், அவர் பெரும்பாலும் மைனர் லீக் பிட்ச்சர்களைத்தான் அடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஃப்ளோரிடாவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அங்கே முகாம்கள் சிதறிக் கிடக்கின்றன. யாங்கீஸ் டாம்பாவில், ரெட் சாக்ஸ் ஃபோர்ட் மயர்ஸில், மெட்ஸ் எதிர்க் கரையில் போர்ட் செயின்ட் லூசியில். இரண்டு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் என்றால் மூத்த வீரர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். சொந்த மைதானத்தில் நன்றாக வீசிய பிட்ச்சர் யாரை வீழ்த்தினார் என்று பார்க்க, விருந்தினர் அணியின் பேட்டிங் வரிசையை ஒருமுறை மேலோட்டமாகப் படித்தாலே போதும். அரிசோனாவில் 15 அணிகளும் ஃபீனிக்ஸைச் சுற்றியே இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

படி 4: தூக்கிப்போட வேண்டிய எண்கள், வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும்.

ஒரு பேட்டருக்கு ஸ்பிரிங்கில் சுமார் 50 அட்-பேட் கிடைக்கிறது என்று வையுங்கள். 15 ஹிட் அடித்தால் சராசரி .300, "அருமையான முகாம்" என்று எழுதுவார்கள். 11 ஹிட் அடித்தால் .220, "கவலைக்கிடம்" என்று எழுதுவார்கள். வித்தியாசம் நான்கே ஹிட். ஒரு பந்து ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்கு ஓர் அங்குலம் தள்ளிப் போனது, ஒன்று வெயிலில் ஃபீல்டர் கண்ணுக்குத் தப்பியது, ஒன்று காற்றில் தூக்கிப்போனது, அவ்வளவுதான். கணக்குப்படி பார்த்தால், உண்மையிலேயே .250 அடிக்கக்கூடிய ஒருவர் 50 அட்-பேட்டில் .190-க்கும் .310-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்றில் ஒரு தடவை அந்த வரம்பையும் தாண்டிப் போகலாம்.

இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். 2011-ல் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஜேக் ஃபாக்ஸ் ஸ்பிரிங்கில் 10 ஹோம் ரன் அடித்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். சீசனில் அவர் ஆடியது 27 ஆட்டம், அடித்தது 2 ஹோம் ரன். 2013-ல் பாஸ்டனின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் .419 அடித்து, ட்ரிபிள்-ஏ பக்கமே போகாமல் நேராகத் தொடக்க நாள் அணிக்குள் நுழைந்தார். ஏப்ரலிலேயே மைனர் லீக்குக்குப் போக வேண்டியதாயிற்று; அந்த ஆண்டு மொத்தத்தில் .189. பிராட்லியின் ஃபீல்டிங் மட்டும் பொய் சொல்லவில்லை. சென்டர் ஃபீல்டில் அவர் பந்தை நோக்கி எடுத்த முதல் அடியும், எறிந்த கை வலுவும் மார்ச்சில் எப்படி இருந்ததோ அப்படியேதான் பின்னாலும் இருந்தன. 2018-ல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருதே வாங்கினார். ஓட்டம், கை வலு, ஃபீல்டிங் போன்றவற்றை அறிய ஐம்பது வாய்ப்புகள் தேவையில்லை. சில ஆட்டங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? ஸ்ட்ரைக்-அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) வாக்கும் (பிட்ச்சர் நான்கு தவறான பந்து வீசியதால் பேட்டர் முதல் பேஸுக்குப் போவது). பந்து எங்கே விழுகிறது, ஃபீல்டர் பிடிக்கிறாரா என்ற அதிர்ஷ்டம் இவற்றில் கலப்பதில்லை. பிட்ச்சரும் பேட்டரும் மட்டும்தான். ஒரு பேட்டரின் ஸ்ட்ரைக்-அவுட் விகிதம் சுமார் 60 முறை மட்டை பிடித்ததிலேயே ஓரளவு அர்த்தம் தரத் தொடங்குகிறது என்று ரஸ்ஸல் கார்ல்டன் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பேட்டிங் சராசரிக்கு ஒரு முழு சீசனே போதாது.

ஆகவே, போன ஆண்டு நூற்றுக்கு முப்பது முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனவர் இந்த மார்ச்சில் அதைப் பாதியாகக் குறைத்திருந்தால், அவர் சராசரி .210 ஆக இருந்தாலும் நான் அவரை ஆர்வத்தோடு பார்ப்பேன். .400 அடித்துக்கொண்டே நாற்பது சதவீதம் ஸ்ட்ரைக்-அவுட் ஆகிறவரைப் பார்த்தால் பயப்படுவேன்.

அணியின் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் தயவுசெய்து பார்க்கவே பார்க்காதீர்கள். ஒன்பது இன்னிங்ஸில் சமமாக நின்றால் அப்படியே கைகுலுக்கிக் கலைந்துபோகும் ஆட்டங்கள் இவை.

படி 5: பிட்ச்சரிடம் கவனிக்க வேண்டியவை

முதலில் வேகம். ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகத்தை அவருடைய போன ஆண்டு மார்ச் வேகத்தோடு ஒப்பிடுங்கள், ஜூலை வேகத்தோடு வேண்டாம். கோடையின் உச்சத்தில் மணிக்கு 95 மைல் வீசுபவர் மார்ச் முதல் வாரத்தில் 93 வீசினால் கவலைப்பட ஒன்றுமில்லை. மார்ச் கடைசியிலும் 92-லேயே நின்றால், அதுவும் முப்பதைத் தாண்டியவர் என்றால், அதைக் குறித்துவையுங்கள். மாறாக, மார்ச் முதல் வாரத்திலேயே போன ஆண்டைவிட இரண்டு மைல் கூடுதல் என்றால் அது நல்ல செய்தி. அதிர்ஷ்டத்தால் யாரும் வேகமாக வீசிவிட முடியாது.

அடுத்து, புதிய பந்து ஏதாவது கற்றிருக்கிறாரா? குளிர்காலத்தில் பயிற்சிக்கூடங்களில் புது ஸ்லைடரோ கட்டரோ (கடைசியில் விலகும் பந்து வகைகள்) பழகிக்கொண்டு வருவது இன்று சகஜம். அதை எத்தனை முறை வீசுகிறார், பேட்டர்கள் மட்டையைச் சுழற்றியும் தவறவிடுகிறார்களா, அல்லது தொடாமலே விட்டுவிடுகிறார்களா என்று எண்ணுங்கள். ஒரு ஆட்டத்தில் அந்தப் பந்தைத் திரும்பத் திரும்ப வீசி நான்கு ரன் விட்டார் என்றால், அவர் அன்றைய வேலையைத்தான் செய்திருக்கிறார். உறுதியான இடம் உள்ள மூத்த பிட்ச்சர்கள், சீசனில் வீசவே வீசாத சூழ்நிலைகளில் வேண்டுமென்றே சில பந்துகளைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, ஸ்ட்ரைக் எறிகிறாரா, அதாவது பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் பந்தைப் போடுகிறாரா என்பது. காயத்திலிருந்து, குறிப்பாக முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்புபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் வேகம் முன்னால் வந்துவிடும், துல்லியம் பின்னால்தான் வரும்.

இன்னிங்ஸ் கணக்கில் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கில் ஆரம்பத்தில் திணறும் பிட்ச்சரை வெளியே எடுத்து, அடுத்த இன்னிங்ஸில் மறுபடி உள்ளே கொண்டுவருவதை அனுமதித்திருக்கிறார்கள். 2021-ல் இருபது பந்துகளைத் தாண்டினால் மூன்று அவுட் ஆகாமலே இன்னிங்ஸை முடித்துக்கொள்ளவும் விட்டார்கள். ஆகவே வீசிய மொத்தப் பந்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: பேட்டரிடம் கவனிக்க வேண்டியவை

பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகம் மணிக்கு 95 மைலுக்கு மேல் இருந்தால் அதைப் பலமான அடி என்று கணக்கிடுகிறார்கள். பந்தின் வேகத்தையும் பாதையையும் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் உள்ள முகாம் மைதானங்களின் தரவு பேஸ்பால் சாவன்ட் தளத்தில் கிடைக்கும். ஒரு இளைஞர் 112 மைலில் ஒரே ஒரு பந்தை அடித்துவிட்டாலும் போதும், அவர் உடலில் அந்த வலு இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. நேராக ஃபீல்டரிடம் போய் அவுட் ஆனது பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்தது நிற்கும் விதத்திலும் சுழற்றும் விதத்திலும் வந்த மாற்றம். ஒதானி விஷயத்தில் நடந்தது இதுதான். 2018 மார்ச் கடைசியில் அவர் முன்காலைத் தூக்கி அடிப்பதை விட்டுவிட்டு, குதிகாலை மட்டும் லேசாகத் தூக்கி அடிக்கத் தொடங்கினார். மேஜர் லீக் வேகத்துக்கு நேரம் போதாமல் இருந்தது அதனால் சரியானது. சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. டொரண்டோவின் ஹோசே பௌடிஸ்டாவும் இப்படித்தான். 2009 கடைசியில் மட்டைச் சுழற்சியை முன்கூட்டியே தொடங்கும்படி மாற்றிக்கொண்டார். செப்டம்பரிலேயே ஹோம் ரன்கள் குவிந்தன. 2010-ல் முகாமிலும் நன்றாக ஆடிவிட்டு, சீசனில் 54 ஹோம் ரன் அடித்தார். அதுவரை ஓர் ஆண்டில் அவர் அதிகபட்சமாக அடித்தது 16. நல்ல மார்ச்சுக்குப் பின்னால் இப்படி விளக்கக்கூடிய ஒரு காரணம் இருந்தால் நம்புங்கள். காரணமே தெரியாவிட்டால் பொறுத்திருங்கள்.

முகாமிலிருந்து வரும் செய்திகளையும் இதே அளவுகோலில் வடிகட்டலாம். "வாழ்நாளில் இல்லாத உடற்கட்டோடு வந்திருக்கிறார்" என்ற செய்தி ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒவ்வொரு அணியிலும் வரும், தாண்டிப் போய்விடுங்கள். "இரண்டாவது பேஸிலும் பயிற்சி எடுக்கிறார்" என்பது போன்ற செய்தியை நின்று படியுங்கள். அணி அவரை எப்படிப் பயன்படுத்த நினைக்கிறது என்று அது சொல்கிறது.

படி 7: மண்ணும் காற்றும்

அரிசோனா பாலைவனம். காற்று வறண்டது, ஃபீனிக்ஸ் பகுதி கடல் மட்டத்துக்கு 1,000 அடிக்கு மேல் இருக்கிறது. பந்து தூரமாகப் பறக்கும், வளையும் பந்துகள் வழக்கமான அளவு வளையாது, விரல் பிடிமானமும் குறையும். எனவே அங்கே முகாமிடும் கப்ஸ், டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் பேட்டர்களின் எண்கள் கொஞ்சம் வீங்கியிருக்கும், பிட்ச்சர்களுக்கு அடி கொஞ்சம் கூடுதலாக விழும். ஃப்ளோரிடாவின் ஈரக் காற்றில் இது குறைவு. ஒரு அரிசோனா பிட்ச்சரின் 5.00 ஈ.ஆர்.ஏ.யையும் ஃப்ளோரிடா பிட்ச்சரின் 4.00-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

படி 8: முடிவு எடுப்பது ஆட்டம் மட்டும் இல்லை

2015 ஸ்பிரிங்கில் கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் 9 ஹோம் ரன் அடித்தார், எல்லா அணிகளையும் சேர்த்து அவர்தான் முதலிடம். ஆனாலும் ட்ரிபிள்-ஏ அணிக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 17-ல் மேலே அழைத்தார்கள். மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு முழுச் சேவை ஆண்டு. அவர் 171 நாளில் முடித்தார். இதனால் அவர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போகும் உரிமை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. பிரையன்ட் முறையீடு செய்து, 2020-ல் தோற்றார். விதிப்படி அணி செய்தது செல்லும். ஆனால் ஓர் இளைஞர் தன் வேலையை முழுதாகச் செய்து காட்டிய பிறகு அவர் உழைப்பை நாள்கணக்கில் நறுக்குவது எனக்கு அன்றும் தவறாகப் பட்டது, இன்றும் அப்படித்தான்.

வீரர் சங்கமும் லீக்கும் செய்துகொண்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தகுதியுள்ள முன்னணி இளைஞரைத் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்து, அவர் சிறந்த புதுமுக விருது வாங்கினால் அணிக்கு ட்ராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) கூடுதல் தேர்வு கிடைக்கும். சியாட்டலின் ஹூலியோ ரோட்ரிகஸ், அரிசோனாவின் கார்பின் கேரல் ஆகியோரால் அவர்கள் அணிகள் இப்படிப் பலன் பெற்றன. எனவே இன்று ஒரு இளைஞர் கீழே அனுப்பப்பட்டால், அவர் ஆட்டத்தில் குறையா, ஆப்ஷன் கணக்கா, சேவை நாள் கணக்கா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூத்த வீரர்களின் ஒப்பந்தத்தில் "இந்தத் தேதிக்குள் அணியில் சேர்க்காவிட்டால் விலகிக்கொள்ளலாம்" என்ற பிரிவு இருப்பதும் உண்டு. மார்ச் கடைசி வாரத்துத் திடீர் முடிவுகளில் சில அதனால் வருபவை.

படி 9: எழுதிவைத்து, பிறகு சரிபாருங்கள்

சீசன் தொடங்கும் முன், ஐந்து வீரர்களைப் பற்றி ஆளுக்கு மூன்று வரி எழுதுங்கள். மார்ச்சில் என்ன மாறியது, அது ஏன் நீடிக்கும் என்று நினைக்கிறீர்கள், எது நடந்தால் உங்கள் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். "இவர் கலக்குவார்" என்று எழுதினால் சரிபார்க்க முடியாது. "ஸ்ட்ரைக்-அவுட் விகிதம் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்" என்று எழுதினால் முடியும்.

பிட்ச்சரின் வேகத்தை ஏப்ரலில் மூன்று ஆட்டம் வீசியதுமே ஒப்பிட்டுவிடலாம். ஸ்ட்ரைக்-அவுட், வாக் கணிப்புகளை மே முதல் வாரத்தில் எடுத்துப் பாருங்கள். அதற்குள் முழுநேர பேட்டர்கள் நூறு முறையாவது மட்டை பிடித்திருப்பார்கள். ஹோம் ரன் பற்றி எழுதியதை ஜூன் வரை தொட வேண்டாம். பேட்டிங் சராசரி பற்றி ஏதாவது எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.